ஒரு வரியைத் திருத்த வந்து முந்நூறு வரிகளை மாற்றியவர்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள் மடிக்கணினியோடு கூடுகிறார்கள். மாவட்டத்தில் விளையும் மாம்பழ வகைகளைப் பட்டியலிடும், யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல இணையதளம் ஒன்றை நாங்கள் பராமரிக்கிறோம். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே செய்தவை என்பதால் கோபப்படவும் முடியவில்லை. கடவுச்சொல்லை நிரலோடு சேர்த்து ஏற்றக் கூடாது, நிறுவும் குறிப்பைப் படிக்காமல் நிறுவக் கூடாது என்பனவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தரவுக் கோப்பை விரிதாளில் திறந்து சேமிப்பது

எங்கள் தளத்தின் பக்கங்கள் யாவும் ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைப் பட்டியலிலிருந்து, உருவாகின்றன. வரிக்கு ஒரு வகை என்ற கணக்கில் பெயர், ஊர், காய்ப்புக் காலம் எனச் சுமார் 340 வரிகள் அதில் உள்ளன. ‘செந்தூரா’ என்ற பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதுதான் எனது முதல் பங்களிப்பு. கோப்பை விரிதாளில் திறந்தேன், திருத்திச் சேமித்தேன். தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தது. பழைய கோப்பை மீண்டும் எடுத்துத் திருத்தி, இம்முறை தமிழ் எழுத்துகளைச் சிதைக்காத ‘யூடிஎஃப்-8’ என்ற தெரிவைத் தேடிச் சேமித்து, உலாவி வழியாகவே ஏற்றி, திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட நாள் அது.

அந்த ஒரே சேமிப்பில் மூன்று காரியங்கள் நடந்திருந்தன. முதலாவது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் முறைப்படி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாகச் சேர்ந்துகொண்டது. மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருள் வரிக்கு வரி ஒப்பிடுவது என்பதால், அதன் கணக்கில் 340 பழைய வரிகள் போய் 340 புதிய வரிகள் வந்திருந்தன. இரண்டாவது, கோப்பின் தலையில் மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொண்டன. ‘பெயர்’ என்ற தலைப்பைத் தேடிய நிரலுக்கு அந்தப் பைட்டுகளோடு சேர்ந்த வேறொரு சொல் கிடைத்ததால், தளத்தில் அத்தனை மாம்பழங்களும் பெயரற்றுப் போயின. இதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம்.

மூன்றாவதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பெங்களூரா வகையின் காய்ப்புக் காலம் ஜூன், ஜூலை என்பதைக் கோப்பில் ‘6-7’ என்று எழுதியிருந்தார்கள். விரிதாள் அதைத் தேதி என்று தானாகவே முடிவு செய்து ‘06-ஜூலை’ என மாற்றிவிட்டது. சிவப்பும் பச்சையுமாக 680 வரிகள் ஓடும் திரையில், சரிபார்ப்பவர் இதை எப்படிப் பார்ப்பார்? மூன்று வாரம் கழித்து, போச்சம்பள்ளிப் பக்கம் மண்டி வைத்திருக்கும் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “ஏங்க, பெங்களூரா ஜூலை ஆறாந்தேதி ஒரு நாளைக்கு மட்டுந்தான் கிடைக்குமா?”

அதற்குள் வேறு பலரது திருத்தங்கள் அதன்மேல் ஏறிவிட்டதால், என் கமிட்டை (பதிவான என் திருத்தத்தை) மட்டும் பின்வாங்குவது இயலாத காரியமாயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கையாலேயே சரிசெய்தேன். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. தருமபுரியிலிருந்து ஒரு மாணவி நாற்பது வகைகளுக்கான விவரங்களைத் திருத்தி அனுப்பியிருந்தார். என் கமிட் முந்திக்கொண்டதால், அவர் தொட்ட வரிகள் அத்தனையிலும் இருவர் திருத்தங்களும் மோதுகின்றன என்று கிட் காட்டியது. அவர் பிறகு வரவே இல்லை.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டுமன்று. விரிதாள்கள் மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-இல் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. நாங்களும் அதே வழியில், காய்ப்புக் காலத்தைத் தொடக்க மாதம், முடிவு மாதம் என இரண்டு பத்திகளாகப் பிரித்துவிட்டோம். வரி முடிவுகளை ஒரே சீராக வைக்க, கோப்புகளை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரியையும் சேர்த்தோம். ஆயினும் உலாவி வழியாக நேரே ஏற்றுபவரை அந்த வரி தடுக்காது. ஆகவே, தரவுக் கோப்பை எழுத்துத் திருத்தியிலேயே திறக்க வேண்டும்; கமிட் செய்வதற்கு முன் ‘கிட் டிஃப்’ கட்டளையை இட்டு, ஒரு வரியைத் திருத்தினால் ஒரு வரிதான் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

முதன்மைக் கிளையிலேயே வேலை செய்வது

திட்டத்தை ஃபோர்க் செய்த (தன் கணக்கில் நகலெடுத்த) பின், கிளை எனப்படும் தனிப் பிரிவு தொடங்காமல் திருத்தினால், முதல் புல் ரிக்வெஸ்ட் ஏற்கப்படும் முன் அனுப்பும் இரண்டாவதில் முதலாவதன் கமிட்டுகளும் தொற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கிளை தொடங்கினால் போதும்.

படக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து

கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் நிரலில் சிறிய எழுத்துமாக இருந்தால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் பொறுத்துக்கொள்ளாது.

உரிமம் வைக்காமல் திட்டம் தொடங்குவது

பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு இல்லாத நிரல் பொதுவெளியில் கிடந்தாலும் அது திறந்த மூல நிரல் ஆகாது. பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கும். எம்ஐடி உரிமமோ ஜிபிஎல் உரிமமோ, முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். இருபது பேர் பங்களித்த பிறகு உரிமத்தைத் தீர்மானிக்கப் புகுந்தால், இருபது பேரிடமும் சம்மதம் கேட்டு அலைய நேரும்.

சட்டைக்காகப் பங்களிப்பது

2020 அக்டோபரில் திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிப்போரை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் இலவச டி-சட்டைக்காக விளக்கக் கோப்புகளில் வெற்றுச் சொற்களைச் சேர்த்து அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் நொந்துபோய், மாதத் தொடக்கத்திலேயே விதிகள் மாற்றப்பட்டன. வேண்டாம்.

பிளேம் காட்டும் பெயர்

எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்பதை ‘கிட் பிளேம்’ காட்டும். 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட கமிட்டுகளை ஒதுக்கிவிட்டுக் காட்டவும் அதற்குத் தெரியும். அந்த ஒதுக்கல் பட்டியலில் என் கமிட்டைச் சேர்க்க இன்றுவரை மனம் வரவில்லை. போன வாரம் ஒரு மாணவர் மல்கோவா வரியில் ஊர்ப் பெயர் தவறாக இருப்பதைக் கண்டு, எழுதியவர் யார் என்று பார்க்கக் கட்டளையை இட்டார். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணா, எல்லா மாம்பழத்தையும் நீங்களேவா எழுதினீங்க?” என்று வியந்தார்.