பழைய கேம் பாய் அட்வான்ஸுக்கு எந்தெந்த கேம் வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டு மெஷினான கேம் பாய் அட்வான்ஸ் 2001இல் வந்தது, உலகம் முழுக்க 8 கோடிக்கு மேல் விற்றது. அதற்கென்று ஆயிரத்துக்கும் அதிகமான கேம்கள் இருக்கின்றன, அதில் பல அந்தந்த வருடம் ஓடிய கார்ட்டூனையும் சினிமாவையும் வைத்து அவசரமாகச் செய்தவை. பழைய மெஷின் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லாரும் "டாப் 50" பட்டியலைத்தான் தேடுகிறார்கள். நான் வேறு மாதிரி தேடச் சொல்வேன். இது பையில் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸில், வரிசையில், தூங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் விளையாடும் மெஷின். அதனால் ஒரு கேம் நடுவில் நிறுத்த விடுகிறதா என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் நான் முதலில் கை காட்டுவது ஃபயர் எம்ப்ளம். ஜப்பானுக்கு வெளியே அந்தத் தொடரில் முதலில் வந்தது இதுதான், 2003இல். சண்டையின் நடுவில் சட்டென்று ஆஃப் செய்தாலும் திரும்ப ஆன் செய்யும்போது விட்ட இடத்திலிருந்தே போகும், ஆனால் ஒரு வீரர் செத்தால் செத்ததுதான், ஆஃப் செய்து தப்பிக்க முடியாது. அட்வான்ஸ் வார்ஸிலும் போரின் நடுவில் சேவ் செய்யலாம். வரியோவேர் என்றால் சேவ் பற்றிய கவலையே வேண்டாம், ஒவ்வொரு விளையாட்டும் சில நொடிகள்தான், டீ ஆறுவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும். மெட்ராய்டு ஃபியூஷனில் குறிப்பிட்ட சில அறைகளுக்குப் போனால்தான் சேவ் ஆகும், அதனால் பஸ்ஸுக்கு ஏற்றதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள், அவ்வளவு நல்ல கேம்.

கோல்டன் சன் வாங்கினால் அடுத்த பாகமான தி லாஸ்ட் ஏஜையும் சேர்த்தே வாங்குங்கள், ஏனென்றால் முதல் பாகம் கதையின் பாதியிலேயே முடிந்துவிடும். முதல் பாகத்தில் சேர்த்ததையெல்லாம் இரண்டாவதற்குக் கொண்டுபோக இரண்டு மெஷினும் லிங்க் கேபிளும் வேண்டும், இல்லையென்றால் பாஸ்வேர்டு. பொருள், காசு எல்லாம் சேர்ந்து வர வேண்டுமானால் அந்த பாஸ்வேர்டு 260 எழுத்து! உட்கார்ந்து நோட்டில் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, திரும்ப அடிக்க வேண்டும். நான் செய்திருக்கிறேன், செய்ய வேண்டிய வேலைதான்.

இந்த மெஷினுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, ஜப்பான் கார்ட்ரிட்ஜும் (கேம் அடங்கிய சின்னப் பெட்டி) ஓடும். ஜப்பானிய மொழி தெரியாதே என்று ஒதுக்காதீர்கள். 2006இல் ஜப்பானில் மட்டும் வந்த பிட் ஜெனரேஷன்ஸ் என்ற ஏழு கேம்களில் படிக்க வேண்டியது மிகக் குறைவு, கோடும் புள்ளியும் ஒலியும்தான். அதே வருடம் வந்த ரிதம் டெங்கோகுவும் அப்படித்தான், காது இருந்தால் போதும். மதர் 3 மட்டும் வேறு, அது முழுக்க முழுக்க கதை, மொழி இல்லாமல் கையில் எடுத்தால் பாதி போய்விடும்.

சரி, இப்போது போலி. நான் வாங்கிய முதல் போக்கெமான் எமரால்ட் போலி என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வரும் எலீட் ஃபோர் என்ற நால்வரை வென்று சாம்பியன் ஆகி, சந்தோஷமாக ஆஃப் செய்துவிட்டு, மறுநாள் ஆன் செய்தால் சேவ் இல்லை. நாற்பது மணி நேரம் போனது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத் திறப்பை வெளிச்சத்தில் பாருங்கள், தங்க நிற காண்டாக்டுகளுக்கு மேலே போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்க வேண்டும். லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்தப் பதிந்திருப்பது தெரியும், போலிகள் பலவற்றில் அது இருக்காது. லேபிளில் உள்ள குறியீடும் கேமும் பொருந்த வேண்டும், அமெரிக்க எமரால்ட் என்றால் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ. பின்பக்க ஸ்க்ரூ மூன்று முனை கொண்டது, சாதாரண கூட்டல் குறி ஸ்க்ரூ என்றால் சந்தேகப்படுங்கள். திறந்து பார்க்க முடிந்தால், சிப்புக்குப் பதில் கறுப்புப் பசை உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் போலி. வீட்டில் அட்வான்ஸுக்குப் பிறகு வந்த நின்டெண்டோ மெஷினான டிஎஸ்ஸும் அதற்கான போக்கெமான் டயமண்டும் இருந்தால் இன்னும் சுலபம்: எமரால்டை டிஎஸ்ஸின் கீழ்ப்பக்க ஸ்லாட்டில் செருகி டயமண்டை ஓட்டினால், நிஜ கார்ட்ரிட்ஜின் பெயர் மெனுவில் வரும், போலி பெரும்பாலும் வராது. ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் அடிப்பக்கத்தின் போட்டோவைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

எமரால்டை ஆன் செய்ததும் உள்பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். போக்கெமான் ரூபி, சஃபையர், எமரால்ட் மூன்றிலும் சேவ் இருப்பது ஃபிளாஷ் சிப்பில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். மரத்தில் பழம் வளராது, நேரத்தை நம்பிய நிகழ்ச்சிகள் நடக்காது, மற்றபடி விளையாடலாம். மாற்ற விரும்பினால் சிஆர்1616 பேட்டரி வேண்டும், சால்டரிங் தெரிந்தவர் வேண்டும். இதற்கு முந்தைய கேம் பாய் கலர் காலத்து போக்கெமான் கோல்ட், சில்வரில் நிலைமை வேறு, அங்கே சேவே பேட்டரியை நம்பித்தான் நிற்கிறது, சிஆர்2025 தீர்ந்தால் எல்லாம் போய்விடும். அவை அட்வான்ஸிலும் அதன் மடக்கும் மாடலான எஸ்பியிலும் ஓடும், சின்ன மாடலான மைக்ரோவிலும் டிஎஸ்ஸிலும் ஓடாது, வாங்கும் முன் இதையும் நினைவில் வையுங்கள்.

கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், ஈரம் பட்டு காண்டாக்ட் துருப்பிடிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை லேசாக நனைத்து நான்கைந்து முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். முக்கால்வாசி கோளாறு இதிலேயே சரியாகும்.

புதிதாக எது வாங்கினாலும் முதல் நாளே பெரிதாக விளையாட ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் விளையாடி சேவ் செய்து, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ராத்திரி முழுக்க மேஜையில் வையுங்கள். காலையில் செருகிப் பாருங்கள். சேவ் இருந்தால் அன்றிலிருந்து தொடங்கலாம், இல்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.