அதிகம் பேசப்படாத பழைய படங்களைத் தேடிப் பார்ப்பது எப்படி?

பழைய படம் தேடுபவர்கள் பெரும்பாலும் நடிகரின் பெயரைக் கொண்டே தேடுவதால், ஏற்கெனவே பலமுறை பார்த்த படங்களே திரும்பவும் அவர்கள் முன் வந்து நிற்கின்றன. இயக்குநரின் பெயரையோ கதாசிரியரின் பெயரையோ பிடித்துக்கொண்டு தேடுவதே சரியான வழி.

மர்மப் படத்தில் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளைக்குப் பழகாதவரையும் அது இருத்தி வைக்கும். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத படம். சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிட, அவரைக் கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரின் வாக்குமூலமும் வேறு வேறு விதமாகக் காட்டிச் செல்வதால், முதற் காட்சியைத் தவறவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது பிடித்துப்போனால் பாலசந்தருடைய ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) ஆகியவற்றுக்குச் செல்லலாம். அவர் இயக்கியதல்லாவிட்டாலும், விண்வெளியிலிருந்து வந்தவர்கள் பாடகியைக் கடத்திச் செல்லும் ‘கலை அரசி’யை (1963) விஞ்ஞானத்துக்காக அல்ல, துணிச்சலுக்காகவே பார்க்க வேண்டும்.

தேடும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று மட்டும் எழுதினால் 2009ஆம் ஆண்டுப் படமே முன்னுக்கு வரும். ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய 1965ஆம் ஆண்டுப் படம் பின்னுக்குப் போய்விடும். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடைத்தால் ஓடும் நேரத்தை ஒப்பிட்டு நீளமானதைத் தெரிவுசெய்யுங்கள், ஏனெனில் வெட்டப்பட்ட பிரதிகளும் இருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்து வாசகர் இந்தத் தமிழ்நாட்டுப் படங்களோடு நின்றுவிடுவது நியாயமன்று. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) நெடுந்தீவுக் கடற்றொழிலாளரின் கதை என்பதால், நாவலை முதலில் வாசித்துவிட்டுப் பார்த்தால் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பது விளங்கும். சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ எடுத்த ‘பொன்மணி’யோ (1977) சீதனத்தையும் சாதியையும் நம் வீட்டு முற்றத்திலேயே வைத்துப் பேசுகிறது. விறுவிறுப்பை எதிர்பார்த்து இதனிடம் போகக்கூடாது; நீண்ட மௌனங்களை ஓட்டிவிட்டுப் பார்ப்பவருக்குப் படத்தில் பாதிகூட மிஞ்சாது. இயலுமானால் வீட்டிலுள்ள மூத்தவர்களையும் அருகில் இருத்திப் பாருங்கள், அக்கால வழக்கங்கள் குறித்து அவர்களிடமே கேட்டுத் தெளியலாம்.