நசுக்காதீங்க! பாட்டில் டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது எப்படி?

தண்டையார்பேட்டையில எங்க வீட்டுப் பழக்கம் இது: காலி தண்ணி பாட்டிலைக் காலால மிதிச்சு சாக்குல போடுவோம். சாக்கு நிரம்பினா காயலாங்கடை. அங்கே தராசு சொல்றதுதான் விலை. இதே பழக்கத்தோட ஜெர்மனி போன எங்க சித்தி பையன், முதல் வாரமே ஒரு பை நிறைய பாட்டிலை நசுக்கிக் கொண்டுபோய், கடையில காலி பாட்டிலை எடுத்துக்கிட்டு டெபாசிட்டைத் திருப்பித் தர்ற மெஷின்ல போட்டிருக்கான். ஒண்ணைக்கூட அது எடுத்துக்கலை. வெளிநாடு கிளம்புற நம்ம பசங்களுக்காக இந்தப் பதிவு.

1. முதல்ல இது டெபாசிட் பாட்டில்தானான்னு பாருங்க. பொருளோட விலைக்கு மேல தனியா கட்டுற காசு டெபாசிட். நம்ம 20 லிட்டர் வாட்டர் கேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கறோமே, அதே கணக்குதான். இங்கே எடை கிடையாது, எண்ணிக்கைதான்.

2. லேபிளைப் படிங்க. ஜெர்மனியில ஒரு தடவை மட்டும் பயன்படுற பாட்டில்லயும் கூல்டிரிங்க் டின்லயும், ஒரு பாட்டில், ஒரு டின், வளைஞ்ச அம்புக்குறி போட்ட முத்திரை இருக்கும். அதுக்கு 25 சென்ட். கழுவித் திரும்ப நிரப்புற பீர் பாட்டில்னா பெரும்பாலும் 8 சென்ட்தான்.

அமெரிக்காவுலதான் தலை சுத்தும். 10 மாநிலத்துல மட்டும்தான் இந்த டெபாசிட் சட்டமே உண்டு. ஒரேகான் 1971லேயே சட்டம் போட்டு முதல்ல ஆரம்பிச்சது. அங்கே தண்ணி பாட்டிலுக்கும் 10 சென்ட் வரும். மிச்சிகன்லயும் 10 சென்ட்தான், ஆனா சோடா, பீர் மாதிரி பானத்துக்குத்தான். சாதா தண்ணி பாட்டிலுக்கு ஒண்ணும் கிடையாது. டெபாசிட் இல்லாத பக்கத்து மாநிலத்துல வாங்கி மிச்சிகன்ல போடலாமேன்னு நம்ம மூளை வேலை செய்யும். வேணாம், அங்கே அது குற்றம்.

3. காலி பண்ணுங்க, ஆனா நசுக்காதீங்க, லேபிளைக் கிழிக்காதீங்க. மெஷின் பாட்டிலோட உருவத்தையும் பார்கோடையும் பார்த்துதான் எடுத்துக்கும். அதனாலதான் சித்தி பையன் பை நிறைய பாட்டிலோட வீடு திரும்பினான்.

4. ஒவ்வொண்ணா உள்ளே விட்டுட்டு, கடைசியில பட்டனை அமுக்கினா சீட்டு வரும். அதைச் சட்டைப் பையில மறந்துடாம, அதே கடையோட கவுண்டர்ல கொடுங்க. காசா வாங்கலாம், பில்லுல கழிச்சுக்கவும் செய்யலாம்.

5. நம்ம ஊருக்கு வருவோம். காட்டுல உடைஞ்சு கிடக்குற பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுன்னு உயர் நீதிமன்றத்துல பேச்சு வந்து, 2022 மே மாசம் நீலகிரி டாஸ்மாக்ல கூடுதலா 10 ரூபா வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் மத்த மாவட்டங்களுக்கும் வந்தது. இதுல மெஷின் இல்லை, ஸ்டிக்கர்தான் சாட்சி. அது உரிஞ்சு போச்சுன்னா கடைக்காரரோட மல்லுக்கட்டணும்.

வாட்டர் கேனுக்கு ஸ்டிக்கரும் இல்லை, சீட்டும் இல்லை. கொருக்குப்பேட்டை வீட்டைக் காலி பண்ணப்போ, "இது எங்க கேனே இல்லையே"ன்னு சொல்லி என் அட்வான்ஸை ஒருத்தர் முழுங்கிட்டார். இப்போ காசு கொடுக்கும்போதே தேதியையும் தொகையையும் எழுதி, கேனோட சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிடறேன்.