மிக்-15-ஐ இறக்கும்போது த்ராட்டிலை முழுதாகக் குறைக்காதீர்கள்

டிசிஎஸ் என்னும் கணினி விமான சிமுலேட்டர் விளையாட்டில் மிக்-15பிஸ் என்ற பழைய சோவியத் ஜெட் போர் விமானத்தை ஓட்டுபவர்கள் ஓடுபாதைக்கு முன்பே விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வேகம் கூடிவிட்டது என்று த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த நிலைக்கு, இழுத்துவிடுவது. அதன் விகே-1 எஞ்சின் மையவிலக்கு கம்ப்ரசர் (காற்றைச் சுழற்றி வெளிப்புறம் வீசி அழுத்தும் பகுதி) கொண்டது. கீழே இறங்கிய ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி எண்ணிக்கை) மறுபடி ஏறப் பல விநாடிகள் பிடிக்கும். அதற்குள் உயரம் போய்விடும். பதறி த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளினாலோ எரிபொருள் மிகுந்து எஞ்சின் சூடேறும், சில சமயம் அணைந்தும் போகும். இது விளையாட்டின் பிழை அல்ல, அக்கால ஜெட்டுகளின் இயல்பே இதுதான்.

எனவே ஓடுபாதையை அணுகி இறங்கும்போது ஆர்பிஎம்மை 5,000-க்குக் குறையாமல் வைத்து, ஏர்பிரேக்கையும் (காற்றை எதிர்க்க விரியும் தகடுகள்) 55 டிகிரி ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) கொண்டு வேகத்தைக் குறையுங்கள். இறங்காமல் மறுபடி சுற்றிவர நேர்ந்தால் ஏர்பிரேக்கை மூடி, த்ராட்டிலைச் சீராக முன்னே தள்ளுங்கள், எஞ்சின் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஐடிலுக்குப் போவது ஓடுபாதையைத் தொடுவது உறுதியான பிறகுதான்.

தரையில் இன்னொரு சிக்கல். முன்சக்கரத்துக்குத் திருப்பும் பொறி கிடையாது, அது தானாகச் சுழல்வது. ஸ்டிக்கில் உள்ள பிரேக் லீவரை அழுத்தியபடி ரட்டர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி) மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் பிடித்துத் திருப்பும். உங்கள் கட்டுப்பாட்டுக் கருவியின் பெடல் நுனி பிரேக்குகளை இதற்கு அமைத்துப் பயனில்லை. லீவருக்குக் கருவியில் ஓர் அச்சையே (சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டுப்பாடு) ஒதுக்குங்கள். வெறும் பொத்தான் என்றால் விட்டுவிட்டுத் தட்டுங்கள். நகரத் தொடங்கும் முன் திருப்ப முயல வேண்டாம்.