பெயின்டைப் பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள்
அமெரிக்காவின் மிச்சிகனில் நான் வாங்கிய முதல் பழைய கார் 1966 ஃபோர்டு மஸ்டாங். சிவப்பு பெயின்டில் மயங்கிக் காசைக் கொடுத்துவிட்டேன். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டைத் தின்றிருந்தது.

இதே மாடலை வாங்கப் பார்க்க நீங்கள் போகும்போது ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளில், இரண்டு பக்கமும், நிதானமாக ஊற்றுங்கள். உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால் துளைகளுக்கு அடியிலுள்ள தகடு அரித்துவிட்டது. அதைச் சரிசெய்ய, தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகட்டையே பிரித்தாக வேண்டும். அந்தக் காரை முதல் காராக எடுக்காதீர்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கும். விஐஎன்னின் (காரின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்து சி அல்லது ஏ என்றால், அதில் வந்தது 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின்.

வாங்கியதும் எஞ்சினைத் தொடும் முன் பிரேக்கைக் கவனியுங்கள். இந்த மாடலில், பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லாமல் போகும். இரட்டை அறை உள்ளதாக மாற்றுங்கள். கழற்றும் போல்ட்டுகளைப் பை பையாகப் போட்டுப் பெயர் எழுதுங்கள்.