பேரூராட்சியில் வேலை நடக்க யாரைப் பிடிப்பது?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டுக்கு ஓடாதீர்கள். வார்டு உறுப்பினரிடம் சொல்லிவிட்டு, பேரூராட்சி நிர்வாகத்தை நடத்தும் அதிகாரியான செயல் அலுவலருக்கு மனு கொடுங்கள். "கோயிலுக்குப் பக்கத்துக் கம்பம்" என்று எழுதினால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். கம்பத்தின் எண்ணை எழுதுங்கள். மனு ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

சாலை, வடிகால் என்றால் கதை வேறு. "நிதி இல்லை" என்பார்கள். எந்த நிதி என்று கேளுங்கள். சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் சொந்த வருவாய். சின்ன ஊர்களில் அது சம்பளத்துக்கே இழுபறி. மாநில அரசு தன் வரி வருவாயில் பிரித்துத் தரும் மாநில நிதி ஆணையப் பகிர்வு, மத்திய அரசு தரும் நிதிக்குழு மானியம் இரண்டும்தான் பெரிய வரவு. நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீர், துப்புரவுக்கு மட்டுமே செலவிடலாம். அந்தப் பகுதியைச் சாலைக்குக் கேட்டுப் பயனில்லை.

வேலைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் திரட்ட முடிந்தால், மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேளுங்கள்.

வரி பாக்கியோடு சண்டைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையும் உண்டு.