தோளில் வைத்துச் சுட்டால் அது தனிநபர் ஆயுதமா?

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் இடம்பெற்றதிலிருந்து எங்கள் பக்கம் லேத் பட்டறைகளில்கூடத் துப்பாக்கிப் பேச்சு அடிபடுகிறது. ராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களும் இதையேதான் பேசுகிறார்கள். இவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தனிநபர் ஆயுதம் எது, குழு ஆயுதம் எது?

சின்னதாக இருந்தால் தனிநபர், பெரிதாக இருந்தால் குழு என்று சொல்லிவிடுகிறார்கள். தோளில் தூக்கிச் சுட முடிந்தால் தனிநபர் என்பார்கள் சிலர். இரண்டும் தவறு. ஆயுதத்தை யார் பொறுப்பில் கொடுக்கிறார்கள், அது முழுத் திறனோடு வேலை செய்ய எத்தனை பேர் வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்சாஸ் ரைஃபிளும் பிஸ்டலும் ஒரு சிப்பாயிடம் ஒப்படைக்கப்படுபவை. சுடுவதும் துடைத்து வைப்பதும் அவர் பாடு. மார்ட்டர் (குண்டை மேல்நோக்கி வீசும் குழல்), மீடியம் மெஷின்கன் போன்றவை ஒரு குழுவிடம் போகின்றன.

கார்ல் குஸ்டாவ் ராக்கெட் லாஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவீடன் நாட்டுச் சரக்கு, 84 மி.மீ., நம் ராணுவத்திலும் உண்டு. தோளில் வைத்துத்தான் சுடுவார்கள். புதிய எம்4 வகை 7 கிலோகூட வராது. ஆனாலும் அது இருவர் ஆயுதம். நம்பர் ஒன் குறிபார்த்துச் சுடுவார். நம்பர் டூ குண்டுகளைச் சுமப்பார், லாஞ்சரின் பின்பக்கத்தைத் திறந்து குண்டைப் போட்டு மூடுவார், பின்னால் பீறிடும் நெருப்புக்கு எதிரே யாரும் நிற்கவில்லையே என்று பார்ப்பார். ஒருவரே சுட முடியாதா? முடியும். ஆனால் அடுத்த குண்டைப் போட லாஞ்சரைத் தோளிலிருந்து இறக்கியாக வேண்டும். டாங்க் அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருக்குமா?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா இதைக் கேட்டால் சிரிப்பார். "ஏங்கண்ணு, திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில லீவரைப் புடிக்கறது ஒரே ஆளுதான். அந்த ஆளை மட்டும் அனுப்பிச்சா ஆயிரம் அடி ஓட்டிருவாரா?"

நம்பர் டூவை எடுபிடி என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் தவறு. சினிமாவில் நாயகன் மெஷின்கன்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தனியாக ஊரையே அழிப்பதைப் பார்த்து வந்த நினைப்பு இது. 7.62 மி.மீ. எம்ஏஜி மெஷின்கன் நிமிடத்துக்கு 650 முதல் 1,000 ரவை வரை சுடும் வேகம் கொண்டது. விடாமல் சுட்டால் குழல் பழுக்கக் காய்ந்துவிடும், மாற்றுக் குழல் வேண்டும். ரவைப் பட்டை முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே போக ஒரு கை தாங்க வேண்டும். ரவை எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண்ணும் வேண்டும். நம்பர் ஒன் அடிபட்டு விழுந்தால் துப்பாக்கிக்குப் பின்னால் படுப்பதும் நம்பர் டூதான். இத்தனைக்கும் நடுவே அவருக்கென்று தனி ஆயுதமும் உண்டு.

பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் சிக்கல். அதே எம்ஏஜியை இருகால் தாங்கியில் வைத்தால் அவசரத்துக்கு ஒருவரே சமாளிப்பார். முக்காலியில் ஏற்றி நெடுநேரம் சுட வேண்டுமென்றால் குழு இல்லாமல் ஆகாது. அமெரிக்காவின் எம்249 லேசான மெஷின்கன்தான், அதை ஒரே சிப்பாயிடம் கொடுப்பதும் உண்டு.

சரி, இரண்டு பேர் சேர்ந்து போனாலே குழு ஆயுதமா? அதுவும் இல்லை. மறைந்திருந்து தூரத்தில் குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பருடன், இலக்கைப் பார்த்துச் சொல்லும் ஒரு ஸ்பாட்டர் போவார். ஆனால் அந்த ரைஃபிள் ஸ்னைப்பருடையது, ஸ்பாட்டர் கையில் வேறு துப்பாக்கி இருக்கும்.

அப்புறம் ஒரு எழுத்துப் பிழை. 81 மி.மீ. மார்ட்டரைக் குழல், தாங்குகால், அடித்தட்டு என்று பிரித்து ஆளுக்கொன்றாகச் சுமப்பார்கள். கழற்றிச் சுமக்கும்போதே அது குழு ஆயுதம் என்பது விளங்கிவிடும். இதைச் செய்திகளில் 'மோட்டார் குண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் கிணற்றுக்குள் ஓடுவது.